வாங்க, நன்றி

பெற்ற மகனைப் பார்த்து "வாங்க, நன்றி" என்று சொல்கிற தாயை எத்தனை தடவைதான் வந்து பார்ப்பது? கிருபாகரன் காதிலிருந்த பொத்தானைக் கழற்றி அறிவுச்செல்வியின் மேசைமேல் வைத்தான். வைத்தான் என்பதைவிடப் போட்டான் என்பதே சரி. அது உருண்டு போய் அவளுடைய பெயர்ப் பலகையில் முட்டி நின்றது.

"இனி எனக்கு இது வேண்டாங்க மேடம்."

"சார், உக்காருங்க. தண்ணி குடிங்க."

"எங்கம்மா ஆயுசுல ஒருத்தருக்கும் நன்றின்னு சொன்னதில்லீங்க. எங்கூர்ல அது மேடையேறி மைக் புடிக்கறவன் சொல்ற வார்த்தைங்க. என்னய வாங்கன்னு கூப்புட்டதில்ல, போங்கன்னு தொரத்துனதில்ல. இப்ப நா போய் உக்காந்தா, பத்திரிகை வெக்க வந்த ஒறம்பரையக் கூப்புடற மாதிரி வாங்க, நன்றி, வாங்க, நன்றின்னு காதுல ஓடுது. அங்க படுத்திருக்கறது எங்கம்மா இல்லீங்க. ஒடம்புதான் இருக்குது."

இதைக் கேட்டதும் அறிவுச்செல்வி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். பக்கவாதம் மூளையில் எந்த இடத்தைத் தொடுகிறதோ அதைப் பொறுத்து மனிதர்கள் மாறிப்போவார்கள், வீட்டார்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று. சொல்லச் சொல்ல அவள் குரலில் அந்தப் பயிற்சி பெற்ற கனிவு வந்து ஏறிக்கொண்டது.

"நானும் அதத்தான் சொல்றனுங்" என்றான் கிருபாகரன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவன்; பேசும்போதே எழுந்து நிற்கிற ஆள். "நெஞ்சுல மறுக்காச் சளி கட்டியிருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. ஊசி, குழாய் எதுவும் வேண்டாங்க. விட்டுருங்க. நாளைக்கு எங்க மாமனக் கூட்டிட்டு வரேன், அம்மாவோட கூடப் பொறந்தவரு. அவரும் ஒரு வார்த்த சொல்லீட்டாருன்னா நிறுத்திப்போடுங்க."

அவனுக்கு அந்த உரிமை இருந்தது. பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத நிலை வந்துவிட்டால் மருந்தை நிறுத்தச் சொல்லலாம் என்று சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் தலையாட்டினாள். அவன் போன பிறகு பொத்தானை எடுத்துத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் இருந்த அந்த இல்லத்துக்குத் 'தோள்' என்று பெயர். இனி எழுந்து நடக்கப்போவதில்லை என்று தெரிந்தவர்களை, கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். அறிவுச்செல்வி அதன் பொறுப்பாளர். ஈரோட்டில் தெருக்கூட்டிய ஒரு பெண்ணின் மகள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள். முப்பது வயதுக்குள் ஓர் இல்லத்தையே நடத்துகிறாள் என்று மாநாடுகளில் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். எல்லா மேடையிலும் அவள் சொன்னது ஒன்றுதான்: பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களைக் கூலியால் மட்டும் பிடித்துவைக்க முடியாது, தான் செய்வது ஒரு மனிதருக்குப் போய்ச் சேர்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதைத் தெரியவைப்பதுதான் தலைமை.

அதைத் தெரியவைக்கும் கருவியும் அவளிடம் இருந்தது. நிறுவனத்தார் அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். இங்கே எல்லோருக்கும் அது 'சொல்லி'. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற, பொட்டளவு வில்லை. நாக்கு விழுந்துபோனவர்கள் மனதுக்குள் சொல்ல நினைத்து வாய்க்கு வராமல் நிற்கிற சொற்களை அது பிடித்துவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் காதில் பொத்தானைச் செருகிக்கொண்டால் அந்தச் சொற்கள் குரலாகக் கேட்கும். படுத்திருப்பவருக்கு அந்தக் குரல் கேட்காது. தான் பேசுகிறோம், எதிரில் இருப்பவர் கேட்கிறார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

சொல்லி வந்த புதிதில் எல்லோரும் அழுதார்கள். ஊமையாகக் கிடந்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள், பேரனைக் கேட்டார்கள், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார்கள். பிறகுதான் மற்றதும் வர ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தன் மலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணை அவளுடைய சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தச் சொல்லை இங்கே எழுதத் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று தெரியும். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனவள்தான், திரும்பி வரவில்லை. அவளைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டார்கள்.

அறிவுச்செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது அவளுடைய சாதியும்தான். ஆனால் அவள் தலைமையாசிரியரின் கட்டிலுக்குப் போகவில்லை. "அந்த வயசுக்கு மேல யாரத் திருத்தறது?" என்று சொல்லிவிட்டு, நிறுவனத்திலிருந்து ஆளை வரவழைத்தாள்.

வந்தவன் ஜெரோம் என்கிற சென்னைப் பையன். சொல்லிக்கும் காதுப் பொத்தானுக்கும் நடுவில் ஒரு சல்லடை வைக்கலாம் என்றான். எந்தெந்தச் சொல் போகக் கூடாதோ அதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும். அவள் சொன்னாள். ஒவ்வொன்றையும் அவள் உச்சரிக்க உச்சரிக்க அவன் காது சிவந்தது. சிலவற்றுக்கு அவனுக்கு எழுத்துக்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது.

"அப்புறம், டா, டி எல்லாம் எடுத்துடு. ங்க போட்டுடு."

"ஓகே மேடம். அவ்ளோதானா?"

"குப்பை."

அவன் விரல் நின்றது. "அது கெட்ட வார்த்தை இல்லையே மேடம்?"

"உனக்கு இல்ல" என்றாள் அறிவுச்செல்வி.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புவரை அவளுக்கு அதுதான் பெயர். அம்மா வண்டி தள்ளிக்கொண்டு பள்ளி வாசலைக் கடக்கும்போது ஜன்னலோரம் இருந்தவர்கள் "குப்ப, உங்கம்மா வருது" என்பார்கள். ஜெரோமுக்கு இதையெல்லாம் விளக்க அவளுக்கு மனமில்லை. அவனும் கேட்கவில்லை, தட்டிக்கொண்டான்.

"ஒரு பிரச்சனை இருக்கு மேடம். வார்த்தையை எடுத்துட்டா அங்க ஓட்டை விழும், சில சமயம் அந்த வாக்கியமே சேர்ந்து போயிடும். கேக்கறவங்களுக்குக் கரகரன்னு மட்டும்தான் கேக்கும். ஏதாச்சும் வெச்சு அடைக்கணும்."

அவள் அதிகம் யோசிக்கவில்லை. "நன்றின்னு வை."

அதன் பிறகு ஒருவரும் வேலையை விட்டு நிற்கவில்லை. காலைக் கூட்டத்தில் முந்தின நாள் வந்த நன்றிகளை அவள் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டுவாள். பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "இன்னைக்கும் மரகதத்துக்குத்தான் எச்சா" என்பார்கள். தெய்வாத்தாள் கட்டிலைப் பார்த்துக்கொள்ளும் மரகதத்துக்கு விழுகிற அளவு வேறு யாருக்கும் நன்றி விழுந்ததில்லை. ஆண்டு விழாவில் அறிவுச்செல்வி அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினாள். மரகதம் அதை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார்கள். அந்தத் தெய்வாத்தாளின் மகன்தான் கிருபாகரன்.

அவன் போன மதியம், அறிவுச்செல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏண்டி, தின்னியா?"

"இப்பத்தாம்மா."

"என்னடி தின்ன? அந்தக் காஞ்ச ரொட்டியா?"

தினமும் வருகிற கேள்விதான். அன்றைக்கு மட்டும் அது வேறு மாதிரி காதில் விழுந்தது. இந்தப் பேச்சு சல்லடை வழியாக வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று அவளை அறியாமல் மனம் போட்டுப் பார்த்தது. சாப்பிட்டீங்களா. என்னங்க சாப்பிட்டீங்க. அம்மா குரலில் அதைக் கேட்பதாக நினைத்ததும் யாரோ வேற்று ஆள் பேசுவதுபோல் இருந்தது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. இன்னொருக்கா கூப்புடும்மா."

"எதுக்கு?"

"சும்மா. ஏண்டின்னு கூப்புடு."

"கிறுக்கி" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

டப்பாவை மூடிவைத்துவிட்டு அறிவுச்செல்வி தெய்வாத்தாளின் அறைக்குப் போனாள். மரகதம் சாப்பிடப் போயிருந்தாள். சல்லடையை நிறுத்துகிற அனுமதி பொறுப்பாளருக்கு மட்டும்தான். கட்டில் தலைப்பில் இருந்த சின்னத் திரையில் விரலை வைத்து நிறுத்தினாள். பொத்தானைச் செருகிக்கொண்டாள்.

தெய்வாத்தாளுக்கு வலப்பக்கம் முழுதும் விழுந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. காது நன்றாகக் கேட்கும், கண் நன்றாகத் தெரியும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் சளி உறுமியது. அறைக்குள் வந்தவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்தாள்.

காதில் குரல் வந்தது.

"குப்ப."

அறிவுச்செல்வி அப்படியே நின்றாள்.

"ஏ, குப்ப. குப்ப."

முகத்தில் யாரோ கையை ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. படிப்பு, பதவி, மேசைமேல் இருந்த பெயர்ப் பலகை எல்லாம் எங்கேயோ போய், பள்ளிக்கூட ஜன்னலோரம் நின்றாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது? முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்களா? சாகக் கிடக்கிறபோதும் அது விட்டுப்போகாதா? திரையில் விரலை வைத்து அழுத்தி, சல்லடையைத் திரும்ப ஓடவிட்டாள்.

"வாங்க. நன்றி. நன்றி" என்றது காது.

நல்ல காரியம்தான் செய்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் பெருமூச்சு வந்தது. மகன் சொல்வதுபோல் விட்டுவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு வந்த நாட்களில் அவள் எதற்கெல்லாமோ கூனிக் குறுகினாள். ஆனால் அந்த ஒரு பெருமூச்சுக்குத்தான் அதிகம்.

மறுநாள் காலை அவள் வரவேற்பு மேசையருகில் நின்று மருந்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு குரல் கட்டடமே கேட்க எழுந்தது.

"டேய், குப்ப!"

திரும்பினாள். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற பக்கம் இல்லத்துப் பெண் ஒருத்தி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அறிவுச்செல்விக்கு நேற்றைய சூடு இன்னும் ஆறவில்லை. படியில் இறங்கி நேராகப் போனாள்.

"ஏனுங்க, இங்க வேல செய்யறவங்களுக்குப் பேர் இருக்குது. குப்ப, கிப்பன்னெல்லாம் கூப்புடற எடம் இதில்ல."

பெரியவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கூட்டிக்கொண்டிருந்தவளும் பார்த்தாள். "நா ஆரயம்மா கூப்புட்டேன்? எம் மாப்பளயக் கூப்புட்டனம்மா. வண்டிய வெயில்ல உட்டுட்டு அவம்பாட்டுக்குப் போறான் பாரு."

காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிருபாகரன் வந்தான். அவன் முகம் செத்திருந்தது. "மாமா, ஆள் இருக்கற எடத்துல அப்படிக் கூப்புடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"கூப்புட்டா என்னடா? உங்கம்மா வெச்ச பேருதான?" பெரியவர் அறிவுச்செல்வியிடம் திரும்பினார். சொல்வதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "இவனுக்கு முன்னால பொறந்த ரெண்டும் தங்குலீங்கம்மா. இவன் பொறந்ததும் மொறத்துல போட்டுக் குப்பமேட்டுல வெச்சுட்டம். அக்கட்டால கூட்டிட்டிருந்த ஒருத்தி எடுத்தாந்து குடுத்தா. எங்கக்கா அவளுக்குத் தவுடு குடுத்து வாங்கிக்கிட்டா. குப்பையில கெடந்ததுக்கு எமன் ஆசப்பட மாட்டானுங்கல்ல? அதனால குப்ப. பெரிய பள்ளிக்கூடம் போயித்தான் தொர கிருபாகரன் ஆயிட்டாரு. எங்கக்காளுக்கு இன்னைக்கும் இவன் குப்பதான்."

அறிவுச்செல்வி திரும்பிவந்து படியில் உட்கார்ந்தாள். மருந்துக்காரர் ஓடிவந்து "மேடம், சுகர் ஏதாவது இருக்கா?" என்றார்.

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். உள்ளே போய் அந்த ஒரு சொல்லை மட்டும் சல்லடையிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னைக்கு அம்மா கொஞ்சம் தெளிவா இருக்காங்க, ஒருக்கா பேசிப் பாருங்க" என்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அப்படிச் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றவும் செய்தது. ஆனால் கிருபாகரன் அவளை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். தன் பெயருக்காக வெட்கப்பட்டவன் முகம் அது.

சொன்னாள். சல்லடையைப் பற்றி, ஓட்டை அடைத்ததைப் பற்றி, குப்பை என்ற சொல்லைத் தானே சேர்த்ததைப் பற்றி. நேற்று கேட்டதையும் சொன்னாள். ஏன் சேர்த்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை; அது சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

கிருபாகரனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப எங்கம்மா என்னயக் கூப்புட்டுட்டுத்தான் இருந்தாங்களா?"

"ஆமாங்க."

"ஒவ்வொரு தடவயும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கம்மா வாயில இருந்து எம் பேரப் புடுங்கிட்டீங்களேம்மா" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அறையில் மரகதம் தெய்வாத்தாளுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் வேகமாக உள்ளே வருவதைப் பார்த்துத் துணியை வாளியில் போட்டாள். "ஏனுங் மேடம்? டாக்டர் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"மரகதம், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"இப்பத்தான் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சன். நா புடிக்காம உட்டா சாஞ்சுருவாங்க."

அறிவுச்செல்வி தயங்கினாள். மரகதம் வெளியே போக மாட்டாள். இவளுக்குச் சொல்லாமல் சல்லடையை நிறுத்தவும் கூடாது. அங்கேயே, அந்த வாளிக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது.

மரகதம் தெய்வாத்தாளின் தோளைப் பிடித்த பிடியை விடாமல் கேட்டாள். முடிந்ததும், "அப்ப நன்றிங்கறது?" என்றாள்.

"நாஞ் சேத்தது."

"எல்லாமா?"

"எல்லாம்."

மரகதம் கொஞ்ச நேரம் தெய்வாத்தாளின் நரைத்த பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தக் கவுண்டச்சி நன்றி சொல்லுவான்னு எனக்கும் அப்பப்பத் தோணும் மேடம். தோணறத அமுக்கிப் போட்டுருவேன். காலையில எந்திரிச்சு பஸ் ஏறோணுமில்ல?" பிறகு மெதுவாகச் சொன்னாள். "நிறுத்தாதீங்க மேடம். அந்தப் பேர மட்டும் உட்டுருங்க. மத்தது அப்படியே இருக்கட்டும். நா பொய்யின்னு தெரிஞ்சே கேட்டுக்கறேன்."

"அப்படி ஒண்ணமட்டும் விட்டுட்டுக் கேட்டா, அது எங்கம்மா பேசறதா உங்க மெசின் பேசறதான்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றான் கிருபாகரன்.

மரகதம் அவனைப் பார்த்தாள். பிறகு தன் காதுப் பொத்தானைச் சரியாக அமுக்கிக்கொண்டாள். "சரி, நிறுத்துங்க."

கிருபாகரனும் அறிவுச்செல்வியும் பொத்தானைச் செருகிக்கொள்ள, மாமன் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அறிவுச்செல்வி திரையில் விரலை வைத்தாள்.

தெய்வாத்தாள் மகனைப் பார்த்தாள். இழுத்துக்கொண்டிருந்த வாய் அசையவில்லை. இடது கை மட்டும் போர்வைமேல் ஒரு தடவை திறந்து மூடியது.

"வந்துட்டயாடா குப்ப."

கிருபாகரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து அத்தன கூப்புட்டனே. கேட்டும் கேக்காத மாதிரி எந்திரிச்சுப் போற. நாஞ் செத்ததுக்கப்பறந்தான் பேசுவயா? அந்தப் பேரச் சொல்லாதேன்னு கோவமா? இனிச் சொல்லுல. கிருவாகரா. அது எவனோ மாதிரி இருக்குதுடா."

"சொல்லும்மா" என்றான் அவன். "குப்பைன்னே கூப்புடும்மா." முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து அந்த இடது கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். மாமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சுவரைப் பார்த்தபடி நின்ற அறிவுச்செல்விக்கு, இதோடு முடிந்துவிடாதா என்றிருந்தது. முடிந்துவிடவில்லை.

"எளச்சுப் போயிட்டானே" என்றது குரல். தெய்வாத்தாளின் கண் மரகதத்தின் பக்கம் திரும்பியது. அடுத்து வந்தது, தலைமையாசிரியர் சொன்ன அதே சொல். கோபத்தோடு வரவில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டு வாசலில் நிற்பவளைக் கூப்பிடுகிற, ஆயுசு முழுதும் பழகிய தொனியில் வந்தது. "ஏ புள்ள, எம் பையனுக்கு ஒரு வாய் தண்ணி கொண்டா."

நான்கு காதுகளிலும் அது ஒரே நேரத்தில் விழுந்தது. கிருபாகரன் அம்மாவின் கையை முகத்திலிருந்து எடுத்தான். "அம்மா..." என்றான். மாமன் தன் பொத்தானைக் கழற்றி வேட்டி மடிப்பில் தேய்த்துக்கொண்டே நின்றார்.

மரகதம் ஆடவில்லை, அசங்கவில்லை. மெல்ல எதையோ கூட்டிக் கழிப்பவள்போல் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு அறிவுச்செல்வியைப் பார்த்தாள்.

"மேடம், அந்த வார்த்த வர்ற எடத்துல எல்லாம்தான் நன்றி உழுமா?"

அறிவுச்செல்வி தலையசைத்தாள்.

"எனக்குத்தான் எச்சா வந்துச்சு" என்றாள் மரகதம். "அதுக்குத்தான மேடம் மேடையேத்திச் சால்வ போத்துனீங்க?"

அறிவுச்செல்வி அதுவரை இதை யோசித்திருக்கவில்லை. அவள் அடைத்த ஓட்டைகள்தான் அந்த நன்றிகள். யார் அதிகம் திட்டு வாங்கினார்களோ அவர்களுக்கு அதிக நன்றி. காலைக் கூட்டங்களில் ஒலிபெருக்கியில் போட்டதும், தோளை இடித்துக்கொண்டு சிரித்ததும், போட்டோ பிடித்து மாநாட்டில் காட்டியதும் அதைத்தான். இவ்வளவு அவமானத்தையும் ஒன்று விடாமல் பொறுக்கி, பட்டு நூல் கோத்து, இந்தப் பெண் தோளில் தன் கையாலேயே போட்டிருக்கிறாள். நின்ற இடத்தில் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. தரை அப்படியெல்லாம் பிளப்பதில்லை.

அவள் கட்டிலுக்குப் போனாள். தலைமையாசிரியரின் கட்டிலுக்குப் போகாமல் விட்டவள், இப்போது தெய்வாத்தாளின் முகத்துக்கு நேரே குனிந்து நின்றாள்.

"அவங்க பேரு மரகதம்" என்றாள். "அந்த வார்த்தயச் சொல்லி இங்க ஆரும் அவங்களக் கூப்புடக் கூடாதுங்க."

தெய்வாத்தாள் அவளை உற்றுப் பார்த்தாள். "நீ ஆரு?"

"நாந்தான் இங்க பொறுப்பு."

"நேத்து வந்தயே, அவளா? ஒண்ணும் பேசாம வெடுக்குனு போனயே. பையன் வந்தானா, போயிட்டானான்னு கேக்கலாம்னு கூப்புட்டேன்."

"ஆமாங்க."

நெஞ்சுச் சளியின் உறுமல் மட்டும் அறையில் கேட்டது. தெய்வாத்தாளின் கண்கள் மரகதத்திடம் போய்விட்டு, மகனிடம் போய்விட்டு, நிற்க இடமில்லாததுபோல் கூரைக்குப் போயின.

"நா வந்ததுல இருந்து இவள அப்படித்தான் கூப்புடறேன்" என்றது குரல். "இவளும் சிரிச்சுட்டேதான் செய்யறா. ஒருத்தரும் ஒரு வார்த்த வேண்டாம்னு சொல்லுலியே. எங்க பையன் உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்தான்? எல்லாரும் கேட்டுட்டுச் சும்மாதான இருந்தீங்க?" கடைசியில், மிக மெதுவாக: "இப்ப அவன் முன்னால சொல்ற."

அதற்குப் பிறகு அன்று முழுதும் அவள் எதுவும் பேசவில்லை. வில்லையில் இருந்த பச்சைப் புள்ளி மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. உள்ளே சொல் எழுகிறது, அவள் அதை விழுங்குகிறாள் என்று அர்த்தம்.

தண்ணீரைக் கிருபாகரனே போய் எடுத்து வந்தான். ஒரு டம்ளரை மரகதத்திடம் நீட்டினான். அவள் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை. மதியத்துக்கு முன்பே நெஞ்சுச் சளிக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லை. அறிவுச்செல்வி எல்லோர் முன்னாலும் நின்று மூன்றாம் தடவையாகச் சொன்னாள். தலையைக் குனியாமல் சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தாள், முடியவில்லை. பாதியில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருத்தி "எங்கள என்ன பொம்மைன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மிச்சம் இருந்தவர்களிடம், சல்லடையை எல்லாக் கட்டிலிலும் நிறுத்தப்போவதாகவும், யாராவது அப்படிப் பேசினால் கூப்பிடுங்கள், நானே கட்டிலுக்கு வந்து பேசுகிறேன் என்றும் சொன்னாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மரகதம் அன்று வேலைக்கே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்த நாட்களில் தெய்வாத்தாளுக்கு அறிவுச்செல்விதான் முதுகு துடைத்தாள். படிப்பில் கற்றிருந்தாள், செய்து பழக்கமில்லை. வலப்பக்கம் புண் வைக்கிற மாதிரி சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"வலிக்குதுங்களா?"

"வந்ததுல இருந்து சொல்லிட்டிருக்கேன்" என்றது குரல். "இந்தச் சனியன் முதுகு வலிக்குதுன்னு."

சனியன். அதையும் அவள்தான் ஜெரோமிடம் சொல்லியிருந்தாள். அது இருந்த வாக்கியமே ஓட்டையாகி, நன்றியாகிப் போயிருக்கிறது.

அடுத்த நாள் காலை அவள் வாளியோடு போனபோது மரகதம் அறைக்குள் இருந்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அறிவுச்செல்வியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் ஒரு காகிதப் பை இருந்தது. உள்ளே அந்தச் சால்வை, மடிப்புக் கலையாமல்.

"அத எடுத்துட்டுப் போங்க மேடம்" என்றாள் மரகதம். "அப்பறம், இந்தக் கட்டில்ல அவங்க என்ன சொன்னாலும் நாம் பதில் சொல்லிக்குவேன். நீங்க நடுவுல வராதீங்க."

அறிவுச்செல்வி பையை எடுத்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாய்வரை ஒரு சொல் வந்தது. அது நன்றி என்று தெரிந்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.